மஞ்சள் நாக்கு நீட்டிய உலை

உலையடியிலிருந்து சவேரியை இழுத்து வெளியே போட்டோம். அவன் உதடு வெற்றிலை போட்டதுபோல் சிவந்திருந்தது. முதலாளி எட்டிப் பார்த்தார். "பாத்தியா மூஞ்சிய? நல்லா ஊத்திகினு வந்துகீறான்," என்றார்.

எங்கள் பட்டறை காலடிப்பேட்டையில். ஹார்பரில் மூட்டை தூக்குகிறவர்களுக்குக் கைக்கொக்கி அடித்துக் கொடுப்போம். ஐம்பதுகளின் கடைசியில், ஏதோ ஒரு கப்பல் சமையல்கட்டிலிருந்து முதலாளி புரோப்பேன் சிலிண்டர்கள் வாங்கி வந்தார். எண்ணெய் டிரம்மை வெட்டி, உள்ளே சூளைமண் பூசி, பர்னர் வைத்து, பின்னால் ஒரு சின்ன மோட்டார் ப்ளோயரும் மாட்டினோம். எல்லாம் எங்கள் கைவேலைதான். ப்ளோயர் வாய்க்கு ஒரு தகர மூடி. அதைத் திறந்தால் உலைக்குக் காற்று கூடும், சாத்தினால் குறையும்.

இந்த கேஸுக்கு நிறையக் காற்று வேண்டும். காற்று சரியாக இருந்தால் தீ நீலமாக உள்ளேயே நின்று உறுமும். குறைந்தால் மஞ்சளாகி உலைவாய்க்கு வெளியே நாக்கை நீட்டும். ஆனால் காற்று கூடினால் இரும்பு செதில் செதிலாக உரியும். முதலாளிக்கு அதுதான் உறுத்தியது.

"பார்ட்டி செதில் இல்லாத கொக்கி கேக்குறான். மூடியப் பாதி சாத்துங்கடா."

"தீ வெளிய வருது முதலாளி. காத்து பத்தல," என்றேன்.

"உன் வேல கொக்கி வளைக்கிறது. அத்தப் பாரு."

நான் வெளிக் கொட்டகையில் வைஸ் இடுக்கியில் கம்பியை இறுக்கிக் கொக்கி வளைப்பவன். உலையடியில் நிற்பவன் சவேரி, ராயபுரத்துச் சம்மட்டி ஆள். ஒரு காலத்தில் கள்ளச்சாராயத்தில் கிடந்தவன். மகள் பிறந்ததும் மாதா கோயிலில் சத்தியம் செய்து நிறுத்திவிட்டான்.

ஐப்பசி மழை பிடித்தது. சாரல் அடிக்கிறதென்று கதவுகளைச் சாத்தினார்கள். அன்றிலிருந்து சவேரிக்குத் தலைவலி. தள்ளாடினான். சம்மட்டி குறி தப்பியது.

"இன்னா நைனா, மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா?" என்று பட்டறையே சிரித்தது. இன்னொரு தரம் தள்ளாடினால் வேலை கிடையாது என்று முதலாளி சொல்லிவிட்டார்.

"மாதா மேல ஆணை மச்சான், ஒரு சொட்டு நாக்குல படல. வெளிய வந்தா தெளிஞ்சிடுது, உள்ள போனா சுத்துது," என்றான் என்னிடம்.

"அப்ப கொஞ்ச நேரம் வெளிய நில்லேன்டா."

"நின்னா, குட்ச்சிட்டு ஓபி அடிக்கிறான்னுவானுங்க. வேல போச்சுன்னா கொயந்தைக்கு இன்னாத்த குடுப்பேன்?"

மறுநாள் சாப்பாட்டுக்குக்கூட அவன் வெளியே வரவில்லை. தான் தெளிவாக இருப்பதைக் காட்டத்தான் அப்படி நின்றான், பாவி. அன்று மத்தியானம் விழுந்தான்.

ஆஸ்பத்திரி டாக்டர் அவன் வாயை மோந்து பார்த்தார். "இவன் குடிக்கலைய்யா. கதவைச் சாத்திக்கிட்டு என்னத்த எரிச்சீங்க?" என்று கத்தினார். காற்று பற்றாமல் எரியும் தீயில் வாசனையே இல்லாத விஷம் கிளம்புமாம். அது ரத்தத்தில் ஏறினால் உதடு இப்படித்தான் சிவக்குமாம். சவேரி கண் விழிக்கவே இல்லை.

அவன் பெண்சாதி பிலோமினா கல்லாக உட்கார்ந்திருந்தாள். "அண்ணே, நெசத்த சொல்லு. குட்ச்சிருந்தாரா?"

"இல்லம்மா. காத்து இல்லாம செத்தான்."

"காலையிலகூட வாய மோந்து பாத்துட்டுத்தான் அனுப்பினேன் அண்ணே. நானும் நம்பலியே," என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

இப்போது கேஸ் உலை முன்னால் நிற்கிற தம்பிகளுக்குச் சொல்கிறேன். தீ மஞ்சளானால் மூடியைத் திற. மழை கொட்டினாலும் கதவைத் திறந்து வை. பக்கத்தில் நிற்பவன் தள்ளாடினால் முதலில் அவனை வெளியே இழுத்து வா. வாயை அப்புறம் மோந்துகொள்ளலாம்.