சுருளியம்மாளும் இரண்டு ஊர்க் கொசுக்களும்

சிலமலை சுருளியம்மாளுக்கு வேலை கிடைத்தபோது சொந்தக்காரர்கள் சந்தோஷப்பட்டார்கள். என்ன வேலை என்று தெரிந்ததும் சிரித்தார்கள். மதுரையிலிருந்து வந்த ஓர் ஆய்வுக் குழுவுக்குக் கொசுப்புழு பிடித்துக் கொடுக்க வேண்டும். அடுக்களை வரை போய்ப் பானைக்குள் எட்டிப் பார்ப்பதற்கு ஒரு பெண் தேவைப்பட்டது. படித்துவிட்டு வீட்டில் இருந்தவளை எடுத்துக்கொண்டார்கள். அது எழுபத்தொன்பதாம் வருடம்.

போடி வீதியில் அவள் டார்ச் லைட்டும் கரண்டியுமாக வருவதைப் பார்த்தாலே பெண்கள் தொட்டித் தண்ணீரைக் கவிழ்த்துவிடுவார்கள். கவிழ்த்தது நல்லதுதான், ஆனால் அன்றைக்கு அவளுக்குப் புழு கிடைக்காது. மறுநாள் அதே தொட்டி நிரம்பி மூடாமல் கிடக்கும். இந்த எரிச்சலிலேயே மூன்று வருடம் ஓடியது.

பிறகு குழுவை நடத்திய டாக்டர் வேறொரு வேலை சொன்னார். காலில் வெள்ளை வரி உள்ள, பகலில் கடிக்கும் கொசு போடியிலும் உண்டு, மேலே ஏலத்தோட்டங்களிலும் உண்டு. இரண்டு இடத்துப் புழுவையும் கலந்துவிடாமல் தனித்தனியாகக் கொண்டுவர வேண்டும். மலையில் அவளுடைய அண்ணன் ஜக்கையன் குத்தகைக்கு எடுத்த தோட்டம் இருந்தது. மரப்பொந்திலும் மூங்கில் கட்டையிலும் தேங்கிய தண்ணீரை அள்ளிப் பாட்டிலில் ஊற்றி ஜீப்பில் இறங்குவாள். வளைவுக்கு வளைவு பாட்டில் சிந்தும். கூட வரும் கூலிப்பெண்கள் சேலையைச் சுருட்டிக்கொண்டு அவளைத் திட்டுவார்கள்.

எண்பத்து நாலில் டாக்டர் முடிவைச் சொன்னார். "ஒரே ரத்தத்துல ஒரே அளவு டெங்கு வைரஸைக் கலந்து ரெண்டுக்கும் குடிக்கக் கொடுத்தோம்மா. போடிக் கொசுவுல நிறைய கொசுவுக்குத் தொத்திக்கிச்சு. மலைக் கொசுவுல கம்மி."

"பார்க்க ரெண்டும் ஒண்ணுதானே சார்?"

"பார்க்க ஒண்ணுதான். ஆனா வயித்துக்குள்ள போன வைரஸ் குடலைத் தாண்டி எச்சில் வரைக்கும் போனாத்தான் அடுத்த ஆளைக் கடிக்கும்போது பரவும். சில ஊர்க் கொசுவுல சுலபமாத் தாண்டுது. சில ஊர்க் கொசுவுல பாதியிலயே நின்னுருது."

சுருளியம்மாளுக்கு அது பெரிய ஆச்சரியமாக இருந்தது. அண்ணனிடம் சொன்னாள். ஜக்கையனுக்குக் காதில் விழுந்தது ஒன்றே ஒன்றுதான்: மலைக் கொசுவால் காய்ச்சல் வராது. காய் உலர்த்தும் ஸ்டோருக்குப் பக்கத்தில் வரிசையாக நின்ற தண்ணீர் டிரம்களைக் கவிழ்த்துக் கழுவுவதை அன்றோடு நிறுத்தினான்.

"கம்மின்னுதான் சொன்னேன். இல்லவே இல்லைன்னு யார் சொன்னா?"

"கம்மின்னா கம்மிதானத்தா. அதுக்கு ஏன் டெய்லி ரெண்டு ஆளுக்குச் சோலி குடுக்கணும்?"

"கீழ இருந்து டயரும் பழைய டிரம்முமா ஜீப்புல ஏத்திக் கொண்டாறீங்களே, அதுல ஊர்க் கொசு முட்டையும் சேர்ந்து வருதுண்ணே. இங்க இருக்கிறது பூரா மலைக் கொசுன்னு நீ எப்படிச் சொல்லுவ?"

"கொசு என்ன ஊரு பேரச் சொல்லிக்கிட்டா பறக்குது?"

ஒவ்வொரு முறை மேலே போகும்போதும் இதே பேச்சுதான் நடந்தது.

அடுத்த மழைக்காலத்தில் தோட்டத்தில் காய்ச்சல் கிளம்பியது. காய் பறிக்கும் பேச்சிக்கு ஈறில் ரத்தம் கசிந்ததைப் பார்த்ததும் சுருளியம்மாள் அவளை ஜீப்பில் ஏற்றிப் போடிக்கு இறக்கி, அங்கிருந்து மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். பேச்சி பிழைத்தாள், ஆனால் எழுந்து நடக்க வெகுநாள் ஆனது. ரத்தத்தைச் சோதித்து டெங்கு என்றார்கள். எந்தக் கொசு கடித்தது என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

சுருளியம்மாள் மலைக்குத் திரும்பியபோது ஜக்கையனும் மூட்டு வலியோடு கம்பளிக்குள் முனகிக்கொண்டிருந்தான்.

"வராதுன்னு நீதானத்தா சொன்ன."

அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள். ஸ்டோருக்குப் போனாள். முதல் டிரம்மில் புழு நெளிந்தது. முழங்காலை முட்டுக்கொடுத்துத் தள்ளிக் கவிழ்த்தாள். கூலிப்பெண்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"என்ன வேடிக்கை? அடுத்ததைப் பிடிங்க, வெரசா."

இரண்டு பெண்கள் வந்து பிடித்தார்கள். உள்ளேயிருந்து ஜக்கையன், குளிக்கத் தண்ணீர் வேண்டும், ஒரு டிரம்மையாவது விட்டுவை என்று கத்தினான்.