அக்கா பிரித்த போர்வை

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதை வங்கிக்காரர்களும் ஆஸ்பத்திரிக்காரர்களும் மட்டும்தான் சொல்லிக் கூப்பிட்டார்கள். மற்ற எல்லோருக்கும் அவள் நூல்பிடி அக்கா. எந்தக் கோடாக இருந்தாலும் நூல் பிடித்த மாதிரி நேராக இருக்க வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வாழ்க்கையில் வேறு கொள்கை கிடையாது. சாப்பாட்டு மேஜையில் ஸ்பூன் சாய்ந்திருந்தால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது. புருஷன் லிஃப்ட் மெக்கானிக். கடையில் வாங்கிய புதுச் சட்டையை அவர் போட்டுக்கொள்ள வேண்டுமென்றால், முதலில் அவள் அதன் காலரைப் பிரித்துத் தைத்தாக வேண்டும். "கம்பெனிக்காரனையே விடல, நான் எம்மாத்திரம்" என்று அவர் எப்போதோ ஒதுங்கிக்கொண்டார்.

வேலையும் அதற்கேற்றாற்போல் அமைந்தது. ஒரு ரெடிமேட் கடையின் பின்னறையில் ஆல்ட்டரேஷன் தையல்காரி. அதாவது, அடுத்தவர் தைத்ததைப் பிரிப்பதற்கு மாதச் சம்பளம். இப்படிக் குணத்துக்கும் பிழைப்புக்கும் பொருத்தம் பார்த்து வேலை கிடைப்பது ஆயிரத்தில் ஒருவருக்குத்தான்.

இது போதாதென்று சனிக்கிழமைகளில் அதே கடையின் மாடியில் ஒட்டுப் போர்வை வகுப்பு நடத்தினாள். துண்டுத் துணிகளைச் சேர்த்துக் கட்டம் கட்டமாகத் தைத்து, கட்டங்களை ஒன்றோடொன்று இணைத்து, அடியில் பஞ்சும் அதற்கும் அடியில் ஒரு துணியும் வைத்து, மூன்றையும் ஓட்டுத்தையலால் பிடித்து, சுற்றிலும் ஓரப்பட்டி அடித்து முடித்தால் ஒட்டுப் போர்வை. முடித்தால் என்பதுதான் சிக்கல். அவள் வகுப்பில் யாரும் எதையும் முடித்ததில்லை. லாண்டரிக்காரி, கணக்கு டீச்சர், நர்ஸ், இன்னும் சில பெண்கள் வாரா வாரம் வந்து தைப்பார்கள். அக்கா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு மேஜை மேஜையாக வருவாள். "பிரிச்சிடும்மா, நல்லா வரும்" என்று தேனாகச் சொல்வாள். சொன்ன கையோடு அவளே பிரித்தும் கொடுத்துவிடுவாள். அந்தப் பெண்கள் ஏன் தொடர்ந்து வந்தார்கள் என்று கேட்டால், மாடியில் நல்ல காற்று வந்தது, டீயும் கிடைத்தது, அக்காவைப் பற்றி அவள் முதுகுக்குப் பின்னால் பேசுவதற்கு எல்லோரும் ஒரே இடத்தில் கூட வேண்டியும் இருந்தது.

வராதவள் ஒருத்திதான். கூடப் பிறந்த தங்கை. இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. புது வீட்டுக்குக் குடிவந்தபோது தங்கை ஆசையாக ஜன்னலுக்குத் திரை தைத்து மாட்டியிருந்தாள். பார்க்கப் போன அக்காவுக்கு அதன் கீழ் மடிப்பு கோணலாக இருப்பது கண்ணில் பட்டுவிட்டது. தங்கை டீ போட்டு எடுத்துக்கொண்டு வருவதற்குள், அவளுடைய மாமியார், நாத்தனார், பக்கத்து வீட்டார் எல்லோரும் பார்க்க, கைப்பையிலிருந்து தையல் பிரிக்கும் ஊசியை எடுத்து மடிப்பை முழுக்கப் பிரித்துப் போட்டுவிட்டாள். "உன் நல்லதுக்குத்தான்டி" என்றாள். தங்கை டீத் தட்டை அப்படியே மேஜையில் வைத்துவிட்டு உள்ளே போனாள். அன்றோடு பேச்சு நின்றது. கடைத்தெருவில் எதிரே பார்த்தால் தங்கை சாலையைக் கடந்து அந்தப் பக்கம் போய்விடுவாள். அக்காவுக்கு இது உள்ளுக்குள் அறுத்துக்கொண்டே இருந்தது. ஆனால் மடிப்பு கோணல்தான் என்பதில் அவளுக்கு அன்றும் சந்தேகமில்லை, அதற்குப் பிறகும் வரவில்லை.

இப்படி இருக்கையில் அவளுடைய வலது மணிக்கட்டு முறிந்தது. பல் டாக்டரின் அறை வாசலில் காத்திருந்தவளுக்கு எதிரே இருந்த திரை ஒரு விரற்கடை ஏற்ற இறக்கமாகத் தெரிந்திருக்கிறது. சும்மா இருப்பாளா? நாற்காலி மேல் ஏறி அளந்து பார்த்தாள். நாற்காலிக்குச் சக்கரம் இருந்ததை அளக்க மறந்துவிட்டாள்.

மாவுக்கட்டோடு அவள் வீட்டில் கிடந்த நாட்களில் வகுப்புப் பெண்கள் ஒன்றுகூடி ஒரு காரியம் செய்தார்கள். ஆளுக்கொரு கட்டம் தைத்து, எல்லாவற்றையும் சேர்த்து, ஒரு போர்வையை முடித்தே விட்டார்கள். அக்கா இல்லாததால் முடிந்தது என்று பச்சையாகவே சொல்லலாம். லாண்டரியில் யாரோ போட்டுவிட்டுத் திரும்ப வந்து வாங்காத மஞ்சள் திரைத்துணி ஒன்றை லாண்டரிக்காரி எல்லோருக்கும் பங்கு போட்டுக் கொடுத்தாள். எல்லாக் கட்டங்களிலும் அந்த மஞ்சள் கொஞ்சமாவது இருந்தது. அதை அக்காவின் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தபோது யார் எதைத் தைத்தார்கள் என்று சொல்லவில்லை. "நீங்களே கண்டுபிடிங்கக்கா" என்று சிரித்துவிட்டுப் போனார்கள்.

அக்கா அழுதுவிட்டாள். உண்மையாகவே அழுதாள். நன்றியுணர்ச்சி சாயங்காலம் வரை தாங்கியது. அதற்குப் பிறகு, போர்வைக்குள் படுத்துக்கொண்டு மேலே இருப்பதைப் பார்க்க ஆரம்பித்தாள். ஒரு மீனுக்கு வால் வயிற்றிலிருந்து கிளம்பியது. ஒரு பூவின் இதழ்கள் ஆளுக்கொரு திசையில் ஓடின. ஒரு வீட்டுக்கு மஞ்சள் கதவு, அது குடித்துவிட்டு வந்தவன் மாதிரி சுவரில் சாய்ந்துகொண்டிருந்தது. ஒன்றே ஒன்று தேறியது. நீலமும் மஞ்சளுமாய் ஒரு நட்சத்திரம். எட்டு முனையும் நடுவில் ஒரே புள்ளியில் வந்து சேர்ந்தன. ஒரு நூலிழை பிசகில்லை. "கணக்கு டீச்சர்னா கணக்கு டீச்சர்தான்" என்று அவள் அந்த ஒரு கட்டத்துக்கு மட்டும் மனமாரச் சான்றிதழ் கொடுத்தாள்.

மாவுக்கட்டைப் பிரித்த மறுநாளே போர்வையையும் பிரித்தாள்.

"அவங்க ஆசையா தைச்சு குடுத்ததும்மா" என்றார் மெக்கானிக்.

"ஆசைய யாரு பிரிச்சா? தையலத்தானே பிரிக்கறேன்."

ஓரப்பட்டி கழன்றது. ஓட்டுத்தையல் கழன்றது. பஞ்சு ஒரு பக்கம், அடித்துணி ஒரு பக்கம். கட்டங்களைத் தனித்தனியாக எடுத்து, ஒவ்வொன்றையும் துண்டு துண்டாக்கி, இஸ்திரி போட்டு, ஓரம் நறுக்கி, நேராகத் தைத்தாள். மீனின் வால் மீனுக்கு உரிய இடத்துக்கு வந்தது. இதழ்கள் வரிசையில் நின்றன. கதவு நிமிர்ந்தது. நட்சத்திரத்தை மட்டும் தொடவில்லை, அப்படியே எடுத்து வைத்தாள். பிறகு எல்லாவற்றையும் மறுபடி சேர்த்தாள். இப்போது அந்தப் போர்வை பெரிய கடையின் கண்ணாடி அலமாரியில் விலைச்சீட்டோடு தொங்கலாம் போல இருந்தது. யார் தைத்தது என்று யாராலும் சொல்ல முடியாது. அவளுக்கு அது பெருமையாகவே இருந்தது. எல்லோரையும் கூப்பிட்டுக் காட்ட வேண்டும் என்றுகூட நினைத்தாள்.

பஞ்சு வைத்துத் தைப்பதுதான் பாக்கி என்ற நிலையில் லாண்டரிக்காரியிடமிருந்து போன் வந்தது.

"அக்கா, சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கியிருந்தா. ஆனா ஞாயித்துக்கிழமை அவளே உங்க வீட்டுக்கு வர்றாளாம். அதான் சொல்லிடலாம்னு."

"யாரு?"

"உங்க தங்கச்சி. அந்தப் போர்வைல ஒரு கட்டம் அவ தைச்சது. கைய ஒடச்சிக்கிட்டீங்கன்னு கேள்விப்பட்டு, தானா வந்து கேட்டா. என் கடைல துணி மூட்டைங்களுக்கு நடுவுல உக்காந்து கத்துக்கிட்டா."

அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. "எந்தக் கட்டம்?"

"அத அவளே காட்டணுமாம். நீங்க பிரிக்காம வச்சிருந்தா போதும்னு சொல்லிட்டு சிரிச்சா."

போனை வைத்த பிறகு அக்கா கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு தெரு தாண்டித் தங்கை வருகிறாள். வந்தால் தேடுவாள். தேடினால் கிடைக்காது. இந்தத் தடவை போனால் அவள் திரும்பி வரவே மாட்டாள் என்பது அக்காவுக்கு நன்றாகத் தெரிந்தது.

ஆனால் அவள் கைதேர்ந்தவள் அல்லவா? தங்கையின் கட்டம் எது என்று யோசித்தாள். ரொம்ப நேரம் யோசிக்கவில்லை. திரை மடிப்பே நேராக வராதவள். அந்தச் சாய்ந்த கதவு அவளுடையது இல்லாமல் வேறு யாருடையதாக இருக்க முடியும்? ஆகவே கதவை மறுபடி சாய்த்துவிட்டால் காரியம் முடிந்தது.

அப்போதுதான் தெரிந்தது, கோணலாகத் தைப்பது அவளுக்கு வராது என்று. கண்ணை மூடிக்கொண்டு தைத்துப் பார்த்தாள், நேராக வந்தது. இடது கையால் தைத்துப் பார்த்தாள், கொஞ்சம் மெதுவாக நேராக வந்தது. கடைசியில் பென்சிலும் ஸ்கேலும் எடுத்து, துல்லியமாக அளந்து, ஒரு கோணல் கோடு போட்டுக்கொண்டாள். அதன் மேல் தைத்தால் போதும். ஆனால் நிமிர்த்துவதற்காக ஓரம் நறுக்கியதில் கதவுத் துணி குச்சியாகிவிட்டிருந்தது. சாய்க்க அகலம் போதவில்லை. அந்த மஞ்சள் உதிரியாக வேறெங்கும் இல்லை, மற்றக் கட்டங்களில் நறுக்கிய துண்டுகளையெல்லாம் அவளே குப்பையில் போட்டிருந்தாள். லாண்டரிக்காரியிடம் கேட்கலாம் என்றால் ஏன் எதற்கு என்று சொல்ல வேண்டி வரும்.

சேர்த்த கட்டங்களைத் திருப்பி நட்சத்திரத்தின் பின்பக்கத்தைப் பார்த்தாள். தையலுக்குப் பின்னால் மஞ்சள் துணி தாராளமாக மடிந்து கிடந்தது. பிய்ந்துவிடுமோ என்று பயந்துகொண்டு கற்றுக்குட்டிகள்தான் உள்ளே இவ்வளவு துணி விடுவார்கள். 'டீச்சர் எதுக்கு இவ்ளோ விட்டிருக்கா?' என்று ஒரு கணம் தோன்றியது. அந்தக் கணத்தில் கொஞ்சம் நின்றிருக்கலாம். அவள் நிற்கவில்லை. மிச்சத் துணியை நறுக்கிக் கதவுக்கு எடுத்துக்கொண்டு, நட்சத்திரத்தைப் பழையபடி தைத்துவிட்டால் டீச்சருக்கு என்ன தெரியப்போகிறது என்று பிரித்தாள்.

கதவு அற்புதமாகச் சாய்ந்தது. நட்சத்திரம்தான் அடம்பிடித்தது. எட்டு முனைகளை ஒரு புள்ளியில் சேர்க்க மணிக்கட்டு வளைய வேண்டும். அவளுடையது இன்னும் முழுக்க வளையவில்லை. ஏழு முனை சேர்ந்தது. எட்டாவது, தையலுக்கு அடியில் மாட்டிக்கொண்டு மொட்டையாகிவிட்டது. பிரித்துத் தைக்க நேரமில்லை. கட்டங்களை மறுபடி சேர்த்து, பஞ்சு வைத்து, தூரத் தூர ஓட்டுத்தையல் போட்டு, ஓரப்பட்டி அடித்து நிமிர்ந்தபோது ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது, வாசலில் மணியும் அடித்துவிட்டது.

தங்கை கொஞ்சம் பருத்திருந்தாள். "கை எப்படி இருக்கு?" என்றாள். "இருக்கு" என்றாள் அக்கா. எதைப் பேசினாலும் திரைச்சீலையில் போய் முடியும் என்று இருவருக்கும் பயம். ஆகவே நேரே கட்டிலுக்குப் போனார்கள்.

அக்கா ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள். வீட்டின் மேல் கையை வைத்தாள். தொண்டையைச் செருமினாள். "இந்தக் கதவு இருக்கு பாரு. எனக்கு இதுதான்டி ரொம்பப் புடிச்சது. என்ன ஒரு உயிரு!"

"என்கிட்ட ஏன் சொல்ற? நர்ஸம்மாகிட்ட சொல்லு. அவங்க தைச்சது."

அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதற்குள் தங்கை கட்டிலின் மறுபக்கம் போயிருந்தாள். குனிந்து, உள்ளங்கையால் நட்சத்திரத்தைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"இதுதான் என்னுது. எத்தன தடவ பிரிச்சேன் தெரியுமா? நீ பிரிக்கறதுக்கு முன்னாடி நானே பிரிச்சிடணும்னு வெறி." அவள் கண் கலங்கியிருந்தது, சிரித்துக்கொண்டும் இருந்தாள். "மீன் மாறிடுச்சு, பூ மாறிடுச்சு, எல்லாத்தையும் பிரிச்சிருக்க, இல்ல? உன் கை சும்மா இருக்காதுன்னு எனக்குத் தெரியும். ஆனா இத விட்டு வச்சிருக்க."

சொல்லிக்கொண்டே வந்தவளின் விரல் மொட்டை முனையில் நின்றது. இன்னொரு தடவை தடவிப் பார்த்தாள்.

"எல்லாம் சேந்துச்சுன்னுதான் நினைச்சேன். சரியா பாக்கல போல. பரவால்ல. இப்படி இருந்தும் நீ விட்டியே, அதுவே பெரிசு."

இதைவிட வசதியான ஒரு வழி யாருக்கும் கிடைக்காது. "ஆமாம்" என்றுகூடச் சொல்ல வேண்டாம், வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். தப்பு தங்கையுடையதாகிவிடும், மன்னித்த பெருமை அக்காவுக்கு வந்துவிடும். ஊரார் தையலையெல்லாம் வாயால் கிழித்தவளுக்குச் சும்மா இருக்க ஒரே ஒரு நல்ல சந்தர்ப்பம். ஆனால் தங்கை அந்த முனையைக் கட்டைவிரலால் நீவி நீவி வெளியே இழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். தான் செய்யாத தப்பைத் தானே சரி செய்கிறாள். அதை அக்காவால் பார்க்க முடியவில்லை. அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"அது நீ தைச்சது இல்ல. நான் தைச்சது."

"எது?"

"அந்த நட்சத்திரம் முழுக்க. உன்னுது நல்லாத்தான் இருந்துச்சு. எட்டும் சேந்துச்சு. டீச்சர் தைச்சதுன்னு நினைச்சு விட்டு வச்சேன். அப்புறம் அந்தக் கதவுக்குத் துணி வேணும்னு பிரிச்சேன்."

"கதவுக்கு எதுக்கு?"

"அத நான் நிமிர்த்தி வச்சிருந்தேன், அப்புறம் நானே மறுபடி சாய்ச்சேன். அதுதான் உன்னுதுன்னு நினைச்சு." அக்கா மூச்சு வாங்கினாள். "இருக்கறதுலயே மோசமா இருந்தது அதுதான்டி."

தங்கை கதவைப் பார்த்தாள், நட்சத்திரத்தைப் பார்த்தாள், அக்காவின் வீங்கிய மணிக்கட்டைப் பார்த்தாள். பிறகு போர்வையைக் கட்டிலிலிருந்து உருவிச் சுருட்ட ஆரம்பித்தாள்.

"எங்கடி எடுத்துட்டுப் போற?"

"என் வீட்டுக்கு."

"எனக்குக் குடுத்தது அது!"

"போத்திக்கத்தான் குடுத்தோம். இங்க இருந்தா ராத்திரிக்குள்ள அந்த முனைய பிரிச்சிருவ."

பிரித்திருப்பாள் என்பது அக்காவுக்கே தெரியும். தங்கை மூட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள், செருப்பைக் காலால் தேடி மாட்டினாள். பாதிப் படி இறங்கியவள் திரும்பாமலேயே சொன்னாள்.

"குளிருச்சுன்னா அங்க வந்து போத்திக்கோ."

"எப்ப வரட்டும்?"

"எப்ப வேணாலும் வா. ஆனா வெறுங்கையோட வா."