எனக்கும் ராக்கிக்கும் ஒரே ஊசி

தனலட்சுமி அக்கா போய்விட்டார் என்று பாகூரிலிருந்து போன் வந்தபோது, நான் வில்லியனூர்க் கடையில் புண்ணாக்கு நிறுத்துக்கொண்டிருந்தேன். அக்கா கால்நடை டாக்டர். கணையத்தில் புற்று. பேனரில் ‘உடல்நலக் குறைவால்’ என்று போட்டிருக்கிறார்கள். அக்கா பார்த்திருந்தால் கிழித்திருப்பார்.

அவரைத் தெரிந்த உங்களுக்குத் தெரியும், மூடி மறைப்பது அவருக்கு ஆகாது. நம்மூரில் மாட்டுக்குக் கட்டி வந்தால் அன்றைக்கே டாக்டரைத் தேடி ஓடுவோம். நமக்கு வந்தால் துண்டைப் போட்டு மூடுவோம். என் நாய் ராக்கிக்கு, இனச்சேர்க்கையில் தொற்றுகிற புற்றுக்கட்டி வந்தது. அக்காவிடம் ‘சின்னப் புண்’ என்று நெளிந்தேன். “ஊர் சுத்துனது அது. நீ ஏன்டா வெக்கப்படற?” என்று கேட்டுவிட்டு, வாரம் ஒன்றாக ஐந்து ஊசி போட்டார். மருந்துக் குப்பிகளை வாங்கி வந்தவன் நான்தான். கட்டி கரைந்துபோனது.

மூன்று வருடம் கழித்து என் கழுத்தில் கட்டி. நிணநீர்ப் புற்று என்றார்கள். ஆஸ்பத்திரிச் சீட்டில் இருந்த மருந்துகளில் ஒன்று, ராக்கிக்கு வாங்கிய அதே மருந்து. எனக்கு மானம் போய்விட்டது. நாய் ஊசியை எனக்குப் போடப் பார்க்கிறார்கள் என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் புலம்பிக்கொண்டு, சிகிச்சைக்குப் போகாமல் இரண்டு வாரம் உட்கார்ந்திருந்தேன். டிவியைவிட என் கடை வேகம். சேதி பாகூருக்குப் போயிற்று.

அக்கா ஸ்கூட்டரில் வந்திறங்கி, தவிட்டு மூட்டைமேல் உட்கார்ந்தார். “அது மொதல்ல மனுஷனுக்கு வந்த மருந்துடா. ஒன் மருந்தத்தான் ராக்கி போட்டுக்கிச்சி. மானம் போவணும்னா அதுக்குதான் போவணும்.”

பிறகு நிதானமாக விளக்கினார். நாய்க்கும் இதே நிணநீர்ப் புற்று வருமாம். அதற்கு எந்த மருந்து கேட்கிறது என்று தெரிந்தால் நமக்கும் துப்புக் கிடைக்கும். நமக்குக் கண்டுபிடித்தது அதற்கும் உதவும். இரண்டு பக்க டாக்டர்களும் பரீட்சையில் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதுவதுபோலத்தானாம். கடைக்குப் பின்னால் பூத்திருந்த நித்தியகல்யாணியைக் காட்டி, இந்த மருந்தை முதலில் எடுத்ததே இதிலிருந்துதான் என்றார். நான் உடனே ஓர் இலையைக் கிள்ளி வாயருகே கொண்டுபோனேன். கையில் பளீரென்று விழுந்தது. “வெஷம்டா. ஊசிக்குப் பயந்து செடிய மேயறியா?”

அன்றே என்னைப் பின்னால் உட்காரவைத்து, மூலக்குளம் நெரிசலில் ஹார்ன் அடித்துக்கொண்டே ஆஸ்பத்திரியில் சேர்த்தார். ராக்கிக்குக் கொட்டாத முடி எனக்குக் கொட்டியது. ஏன் என்று கேட்டேன். “அது ஒன்ன மாதிரி பொலம்பல.”

துக்க வீட்டில் ஒரு பெரியவர் என் காதருகே குனிந்தார். “அவங்களுக்கே மருந்து கேக்கல. ஒனக்கு மட்டும் இன்னா நிச்சயம்?” காலையிலிருந்து நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். என் கட்டி கரைந்த பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் ஸ்கேன் திங்கட்கிழமை; அதற்குப் போக வேண்டாம் என்றுகூட முடிவு செய்திருந்தேன். ஆனால் வாயைத் திறந்ததும் வேறு வந்தது.

“அவங்களுக்கு வந்த கேன்சர் வேற, எனக்கு வந்தது வேற. மாட்டுக்கு மடிவீக்கம் வந்தா கோமாரி ஊசியா போடுவீங்க?”

ஐஸ் பெட்டியைச் சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் குரலைத் தாழ்த்தவில்லை.

அந்தப் பேச்சு என்னுடையதில்லை, அக்காவுடையது. என்னிடம் தங்கிவிட்டது, விடுவதாக இல்லை. திங்கட்கிழமை பயந்துகொண்டுதான் போவேன். ஆனால் போவேன்.