பதினோரு கறுப்புத் தையல்

என் தங்கை படைமுகாமின் வாசலுக்கு எதிரே இருபத்திரண்டு வருடமாகத் தையல் கடை வைத்திருக்கிறாள். நான் அவளைவிட ஆறு வயது மூத்தவள், ஏழாம் வகுப்போடு நின்றவள். அவள் வெட்டித் தைப்பாள். நான் காஜா எடுத்துப் பொத்தான் தைப்பேன். இரண்டு மிஷின், ஒரு இஸ்திரி மேசை, சுவரோரம் சட்டை தொங்கவிட ஒரு கம்பி. வாசலில் வருகிறவனின் தோள் எத்தனை அங்குலம் என்று அவள் பார்த்த உடனே சொல்லிவிடுவாள். சொல்லிவிட்டு அளவு நோட்டையும் புரட்டிப் பார்ப்பாள்.

அவளுக்கு ஒரு சட்டம் உண்டு. சீருடைச் சட்டையைக் கொடுக்கும் முன், நெஞ்சில் தைத்த பெயர்ப்பட்டையை ஒரு தடவையும் வாங்க வந்தவன் முகத்தை ஒரு தடவையும் பார்ப்பாள். இரண்டும் பொருந்தாமல் சட்டை கடையைத் தாண்டாது. ஒரே ஒரு நாள் தாண்டியது.

அடிக்கடி வருகிற சிப்பாய்களில் இரண்டு பேர் எப்போதும் சேர்ந்தே வருவார்கள். ஒரே உயரம், ஒரே பருமன். ஒருவனுக்குக் கை மட்டும் இரண்டு அங்குலம் நீளம். அவனை நீளக்கை என்போம். மற்றவன் வாரம் ஒரு பொத்தானைத் தொலைத்துவிட்டு வந்து நிற்பான். அவன் பெயரே எங்கள் கடையில் பொத்தான் என்று ஆகிவிட்டது.

"பொத்தானை எல்லாம் தின்னுடுவியா நீ?" என்பேன்.

"சமையல்காரர் போடற சோத்துக்கு அது தேவலைக்கா" என்பான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவன் சட்டை தோளில் கிழிந்து வந்தது. நான்கு பொத்தானும் இல்லை. ஒட்டுப்போட அதே நிறத் துணி வர இரண்டு நாள் ஆகும் என்றாள் தங்கை. மறுநாள் காலை ஆறு மணிக்கு அவர்கள் பஸ் கிளம்ப வேண்டும். நீளக்கை தன்னிடம் இருந்த இன்னொரு சட்டையைக் கொண்டுவந்து நீட்டினான்.

தங்கை அதைப் பொத்தானுக்குப் போட்டுப் பார்த்தாள். கைதான் நீளம். வலது கையை உள்ளே மடித்து, ஊசியால் எட்ட எட்டக் குத்தி ஓட்டுத்தையல் போட்டாள். பாதியில் பச்சை நூல் தீர்ந்தது. பிரித்துவிட்டு முதலிலிருந்து கறுப்பு நூலில் போட்டாள். பாதி ஒரு நூல், பாதி ஒரு நூல் என்றால் அவளுக்குத் தூக்கம் வராது. இடது கையைச் சுருட்டிவிட்டுக் கொள்கிறேன் என்று பொத்தான் அவசரப்பட்டான்.

"இரு, பேர்ப்பட்டையைப் பிரிச்சு மாத்திடறேன். அஞ்சு நிமிஷம்."

"ஒரு நாளைக்குத்தானேக்கா. விடுங்க. இவன் பேர்ல இன்னைக்காவது ஒழுங்கா இருக்கேன்."

"நீ ஒழுங்கா இருந்தா என்னைச் சந்தேகப்படுவாங்கடா" என்றான் நீளக்கை.

தங்கையும் சிரித்துவிட்டாள். சட்டையைக் கொடுத்துவிட்டாள்.

மறுநாள் காலை ஆறு இருபதுக்கு நாற்சந்தியில் அந்த பஸ்ஸில் குண்டு வெடித்தது. எங்கள் கடைக் கண்ணாடி முழுதும் உள்ளே கொட்டியது. யார் வைத்தார்கள், எதற்கு என்பதைப் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. எனக்கு ஞாபகம் இருப்பது தெருவில் கிடந்த செருப்புகளும், ஓயாமல் போய்க்கொண்டிருந்த ஆம்புலன்ஸ்களும்தான். தங்கை கண்ணாடித் துண்டுகளைக் கூட்டிக்கொண்டிருந்தாள். கூட்டிய இடத்தையே திரும்பக் கூட்டினாள்.

வியாழக்கிழமை முகாம் வாசலில் பட்டியல் ஒட்டினார்கள். இறந்தவர்களில் நீளக்கை இருந்தான். பிழைத்தவர்களில் ஒரே ஒருவனுக்கு நினைவு திரும்பவில்லை, முகமெல்லாம் கட்டு, சட்டை பெயர்ப்பட்டையோடு எரிந்துபோயிருந்தது. அது பொத்தான் என்று எழுதியிருந்தது. முகம் தெரியாத ஓர் உடலின் சட்டையில் நீளக்கையின் பெயர்ப்பட்டை இருந்ததாம். மிஞ்சியவன் பொத்தானாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவுகட்டிவிட்டார்கள். மறுநாள் காலை அந்தப் பெட்டி நீளக்கையின் வீட்டுக்குப் போகிறது.

தங்கை கடைக்குத் திரும்பி, கம்பியில் தொங்கிய கிழிந்த சட்டையின் முன்னால் நின்றாள்.

"அக்கா, பெட்டியில இருக்கறது பொத்தான்."

நான் வாசலை எட்டிப் பார்த்தேன். "வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருடி. அவங்க அம்மா ஆஸ்பத்திரியில பிள்ளை பிழைச்சுட்டான்னு உக்காந்திருக்காங்களாம். அவங்ககிட்டேருந்து பிடுங்கப் போறியா?"

"நான் பிடுங்கறதுக்கு என்னக்கா இருக்கு? போனது நேத்தே போயிடுச்சு. இன்னொரு அம்மா உயிரோட இருக்கற பிள்ளைக்கு அழுதுட்டிருக்காங்க. அந்தப் பட்டையை நான் மாத்தியிருக்கணும்."

கிழிந்த சட்டையைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தாள். நானும் பின்னால் போனேன்.

முகாமில் அதிகாரி இரண்டு நாளாகத் தூங்காத கண்களோடு இருந்தார். தங்கை சட்டை மாறியதைச் சொன்னாள். "எல்லாம் சரிபாத்தாச்சும்மா. ரத்தப் பரிசோதனை வர இன்னும் எத்தனை நாள் ஆகுமோ. தையல்காரங்க சொல்றதை வச்சு நான் என்னன்னு எழுதறது?"

"எழுத வேண்டாம் சார். அந்தச் சட்டை உங்ககிட்டதானே இருக்கு? வலது கை மடிப்பைத் திருப்பிப் பாருங்க. கறுப்பு நூல், பதினோரு தையல். ஒண்ணு குறைஞ்சாலும் என்னைத் திட்டி அனுப்புங்க."

அவர் உள்ளே போனார். சுவர்க் கடிகாரத்தில் நாற்பது நிமிடம் ஆனது. திரும்பி வந்தபோது தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார்.

"பதினொண்ணுதான்" என்றார்.

ஆஸ்பத்திரிக்கு எங்களையும் அழைத்துப் போனார். பொத்தானின் அம்மா வார்டுக்கு வெளியே பெஞ்சில் இருந்தார். மடியில் ஈரப் பஞ்சு வைத்த சின்னக் கிண்ணம். அதிகாரி சொல்லத் தொடங்கி, இரண்டு வார்த்தையிலேயே நிறுத்தித் தங்கையைப் பார்த்தார். மீதியைத் தங்கைதான் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள். சட்டையைச் சொன்னாள், நூலைச் சொன்னாள், பெயர்ப்பட்டையை மாற்றாமல் விட்டதையும் மறைக்காமல் சொன்னாள்.

அந்த அம்மா கிண்ணத்திலிருந்த பஞ்சை எடுத்துப் பிழிந்தார்.

"கை நீளமாத்தான் இருந்துச்சு" என்றார். "கட்டுப் போட்டதால அப்படித் தெரியுதுன்னு நெனச்சுக்கிட்டேன். ரெண்டு நாளும் அப்படியே நெனச்சுக்கிட்டேன்."

தங்கை அவர் கையைப் பிடித்தாள். அவர் உதறவில்லை.

"அந்தத் தம்பியோட அம்மாவுக்குச் சொல்லிட்டீங்களா?"

"இப்பத்தான் ஆள் போயிருக்கும்மா. வந்து சேர நாளைக்கு மதியம் ஆயிடும்" என்றார் அதிகாரி.

"அதுவரைக்கும் நான் இருக்கேன். உதடு காஞ்சு போகுது அதுக்கு." எழுந்தவர், சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "என் பிள்ளை சட்டை உங்ககிட்ட இருக்குன்னு சொன்னீங்களே."

"தோள் இன்னும் தைக்கலைம்மா."

"தைச்சுக் குடு தாயி. கிழிஞ்சதோட அவனை வீட்டுக்கு அனுப்ப வேண்டாம்." பஞ்சை நனைத்துக்கொண்டு வார்டுக்குள் போனார்.

ஒட்டுத்துணி அன்று வந்திருந்தது. கண்ணாடி இல்லாத கடையில் உட்கார்ந்து தங்கை தோளைத் தைத்தாள். ஒட்டு எங்கே என்று விரலால் தடவினாலும் தெரியாது. பிறகு சட்டையை என்னிடம் கொடுத்தாள். பொத்தானுக்கு அடியில் நான் வழக்கமாக நூலை மூன்று சுற்றுச் சுற்றுவேன். அன்று நான்கு பொத்தானுக்கும் எட்டுச் சுற்றுச் சுற்றினேன்.

தங்கை சட்டையை வாங்கி இஸ்திரி போட்டு மடித்தாள். எதிரே முகம் பார்க்க ஆள் இல்லை. பெயர்ப்பட்டையில் விரலை வைத்து, அதிலிருந்த பெயரை எழுத்தெழுத்தாக வாய்விட்டுப் படித்தாள்.

"சரியா இருக்கான்னு நீயும் ஒரு தடவை பாருக்கா" என்றாள்.

பார்த்தேன். சரியாக இருந்தது.