பதினாலாம் கட்டில் மாத்திரை

ஆஸ்பத்திரி மருந்துக்கடை ஜன்னலில் உட்கார்ந்திருந்தவரை எல்லாரும் மைக்செட் என்றுதான் கூப்பிடுவார்கள். அவருக்கும் அதில் பெருமைதான். சீட்டில் பேரைப் பார்க்கிற பழக்கமே கிடையாது. உள்நோயாளி என்றால் எந்த வார்டு, எந்தக் கட்டில், வெளிநோயாளி என்றால் டோக்கன் நம்பர், எதற்கான மாத்திரை என்று தொண்டை கிழியக் கத்திவிட்டுத்தான் கொடுப்பார். ஒருவர் மருந்து இன்னொருவர் கைக்குப் போய்விடக் கூடாதாம். போனதும் இல்லை, அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

மனச்சோர்வு மாத்திரைக்காரர்களைக் கண்டால்தான் அவருக்குக் கடுப்பு. "ஒரு மாசம் வாங்குறாங்க, அப்புறம் ஆளையே காணோம். பாதியில விட்டா எப்படிக் குணமாகும்? சொன்னா கேக்குற ஜென்மங்களா இவங்க!" என்று மாத்திரை எடுத்துக் கொடுக்கும் பெண்ணிடம் புலம்புவார். அவர்கள் ஏன் வருவதில்லை என்று அந்த மனுஷன் ஒரு நாளாவது யோசித்தாரா? ம்ஹூம்.

அந்த வாரம் அவர் மனைவிக்கே அங்கே பித்தப்பை ஆபரேஷன். நல்லபடியாகத்தான் முடிந்தது. ஆனால் அதன் பிறகு அவளுக்குத் தலைசுற்றல், வியர்வை, நினைத்து நினைத்து அழுகை. டாக்டர்களுக்கே ஒன்றும் பிடிபடவில்லை.

"வீட்ல வேற மாத்திரை எதுவும் சாப்பிட்டீங்களாம்மா?" என்று நர்ஸ் கேட்டாள்.

"இல்லையே" என்றாள் அவள், கணவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே.

"எனக்குத் தெரியாம என்ன மாத்திரை சிஸ்டர்? மருந்துக்கடையே நான்தான்!" என்று சிரித்தார் மைக்செட். என்ன சிரிப்பு வேண்டிக் கிடந்ததோ!

மறுநாள் காலை ஜன்னலில் நல்ல கூட்டம். குவிந்து கிடந்த சீட்டுகளில் ஒன்றை எடுத்தார். வாய் முந்திக்கொண்டது.

"பெண்கள் வார்டு, பதினாலாம் கட்டில்! மனச்சோர்வு மாத்திரை! யாரு வந்திருக்கீங்க?"

கத்தி முடித்த பிறகுதான் அது யாருடைய கட்டில் என்று உறைத்தது. வரிசையின் நடுவிலிருந்து அவருடைய மகள் தலையைக் குனிந்தபடி வந்தாள். இரண்டு பக்கமும் எல்லாரும் அவளையே பார்த்தார்கள்.

"நீங்க இல்லாதப்போ அம்மா டாக்டர்கிட்ட சொல்லிட்டாங்கப்பா. ரொம்ப வருஷமா சாப்பிடுறாங்களாம். இங்க வந்து விட்டுப்போச்சு, அதான் இந்தப் பாடு."

"என்கிட்டயே வாங்கியிருக்கலாமே..." அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை.

"ரெண்டு பஸ் மாறிப் போய் வேற இடத்துல வாங்கினாங்க. இப்பவும், 'அப்பா கத்துறதுக்குள்ள ஓடிப்போய் நில்லு'ன்னுதான் அனுப்புனாங்க. யாரும் முன்னாடி விடலப்பா."

அவருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ஜன்னலைச் சாத்திவிட்டு, மாத்திரையைத் தானே எடுத்துக்கொண்டு மாடி ஏறினார். வழியெல்லாம் வெட்கத்தில் கூனிக் குறுகிப் போனார். எத்தனை பேரை இப்படி விரட்டியிருக்கிறோமோ என்று ஒவ்வொரு படியிலும் நினைத்துக்கொண்டார்.

மனைவி அவர் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள்.

"கத்திட்டீங்களா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டே மாத்திரை உறையைப் பிரித்தார்.

"சரி, குடுங்க" என்று அவள் கையை நீட்டினாள். "இனிமே ஒளிச்சு வைக்க என்ன இருக்கு?"