கேட்காமல் சாப்பிடும் கறி

மெக்சிகோவில் நான் எதற்கெல்லாம் பயந்தேன் என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். பழரசத்தில் மிதந்த ஐஸ்கட்டிக்குப் பயந்தேன். எனக்கு நீந்தத் தெரியாது, அதனால் கடலுக்குப் பயந்தேன். நீச்சல் குளத்துக் கரையில் வெயில் காய்ந்த, பூனை அளவு ஓணானுக்குப் பயந்தேன். ஹோட்டல் வாசலில் நின்ற டாக்சிக்காரர்கள் சிரித்தால் அதற்கும் பயந்தேன். ஆனால் இவை எல்லாம் சும்மா மேலே மிதந்த பயங்கள். அடியில் கிடந்தது ஒன்றுதான். என் மகளுக்குக் கச்சான் ஆகாது.

ஊரில் நாங்கள் கச்சான் என்று சொல்வது நிலக்கடலையை. மகள் நடை பழகிக் கொஞ்சக் காலத்தில், நாங்கள் குடியிருக்கும் டேனிஷ் நகரமான கோல்டிங்கில் அவள் போன பாலர் பள்ளியில் யாரோ ஒரு பிள்ளைக்குப் பிறந்தநாள். கொண்டுவந்த பிஸ்கட்டில் ஒரு கடி கடித்திருக்கிறாள். நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்துக்குத் தொலைபேசி வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் அம்புலன்சுக்குள் ஒரு வீங்கிய முகம் கிடந்தது. அது என் பிள்ளை என்று எனக்கு உடனே தெரியவில்லை. பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாத முகம். அதைப் பார்த்தவளுக்குப் பிறகு எந்தச் சாப்பாட்டு மேசையும் நிம்மதியான இடமாக இருக்காது.

அன்று முதல் தொடையில் குத்தும் மருந்துப் பேனைகள் என் பையில் இருக்கின்றன. வீட்டில் ஒரு சட்டமும் வந்தது. வெளியில் எது சாப்பிட்டாலும் முதலில் கேட்கவேண்டும். அம்மா சமைத்தால் கேட்கத் தேவையில்லை. மகள் எழுத்துக் கூட்ட முதலே கேட்கப் பழகிவிட்டாள். நிமிர்ந்து ஆளின் கண்ணைப் பார்த்து, மரியாதையான டேனிஷில், இதற்குள் நட்ஸ் இருக்கிறதா என்று கேட்பாள். கோயிலில் அன்னதான வரிசையில் நின்று அப்படிக் கேட்டு, கரண்டி பிடித்த அன்ரியின் முகத்தைக் கறுக்க வைத்திருக்கிறாள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

மெக்சிகோ என் யோசனை இல்லை. என் மனுசனின் யோசனை.

"பிள்ளையின்ரை வகுப்பிலை எல்லாரும் ஈஸ்டர் லீவுக்கு எங்கையாவது போகினம். நாங்கள் மட்டும் வருசா வருசம் விபோர்க்கிலை சொந்தக்காரற்றை சோபாவிலை கிடக்கிறம்" என்றார். "இஞ்சை பாரும், எல்லாம் அடக்கம் எண்டு போட்டிருக்கு. சாப்பாடும் அடக்கம். நீர் ஒண்டுக்கும் யோசியாதையும்."

"சாப்பாடு அடக்கம் எண்டதுதானப்பா எனக்குப் பயம்" என்றேன்.

அவர் சிரித்தார். ஆனால் அவருக்கும் உள்ளுக்குள் உதறல் இருந்தது. இல்லாவிட்டால் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகும் வழியெல்லாம் காருக்குள் ஒரே ஒரு ஸ்பானிஷ் வசனத்தைப் பாடமாக்கியிருக்க மாட்டார். என் மகளுக்குக் கச்சான் ஒவ்வாது. அந்த மொழியில் கச்சானுக்குக் ககாவாத்தே என்று பெயர்.

ஹோட்டலில் கையில் பட்டி கட்டிவிட்டார்கள். அந்தப் பட்டியைக் காட்டினால் நாள் முழுக்கச் சாப்பிடலாம். என் மகளோ முடிவே இல்லாததுபோல நீண்ட அந்தச் சாப்பாட்டு மண்டபத்தில் வெறும் சோறும் உருளைக்கிழங்குப் பொரியலும் சிவந்த வத்தகப்பழத் துண்டும் சாப்பிட்டாள். ஒவ்வொரு தட்டுக்கும் முன்னால் நின்று கேட்டாள். இவர் பக்கத்தில் நின்று தன் வசனத்தைச் சொன்னார். சமையல்காரர்கள் நல்ல மனிதர்கள். இதைத் தொடாதே, இதைச் சாப்பிடு என்று பொறுமையாகக் காட்டினார்கள். ஆனாலும் போகப் போகப் பிள்ளைக்கு அலுத்துப்போனது. விடுமுறையில் கேள்வி கேட்டே களைத்துப்போன பிள்ளையை நான் அங்கேதான் கண்டேன். நானோ நீச்சல் குளத்தடியிலும் அந்த மருந்துப் பையைத் தோளில் குறுக்காகப் போட்டுக்கொண்டு திரிந்தேன்.

"இந்தப் பையோடையே பிறந்தனீரோ?" என்று இவர் பகிடி பண்ணினார்.

ஒரு நாள் மத்தியானம் குளத்தடியில் புதிதாக ஒரு மேசை போட்டு மண்சட்டிகளை வரிசையாக வைத்திருந்தார்கள். இவர் பழரசம் எடுக்க வரிசையில் நின்றார். நான் குடைக்குக் கீழே இடம் பிடித்து உட்கார்ந்திருந்தேன். மகள் தட்டோடு தனியாக வந்தாள். அவள் முகத்தில் அத்தனை நாளும் இல்லாத ஒரு வெளிச்சம்.

தட்டில் சோறு. சோற்றுக்கு மேல் கோழித் துண்டு. அதன் மேல் கருமண்ணிறத்தில் தடித்த குழம்பு. வறுத்த மிளகாயின் வாசம் எனக்கு மேசைக்கு இந்தப் பக்கமே அடித்தது. வறுத்து இடித்த தூள் போட்டு எங்கள் வீடுகளில் வைக்கிற கோழிக்கறி அச்சாக அப்படித்தான் இருக்கும். வீட்டில் அதைத் தள்ளி வைத்துவிட்டுப் பாஸ்டா கேட்கிற பிள்ளை இவள்.

"அம்மா, இஞ்சை உங்கடை கறி இருக்கு" என்றாள். நான் தமிழில் கேட்டாலும் டேனிஷில் பதில் சொல்கிற பிள்ளை அதைத் தமிழில் சொன்னாள். சொல்லிக்கொண்டே ஒரு கரண்டி வாயில் வைத்தாள்.

நான் சந்தோஷப்பட்டேன். அதை ஒளிக்க விரும்பவில்லை. ஒரு மூச்சு நேரம், என் பிள்ளைக்கு என் கறி தேவைப்பட்டுவிட்டதே என்று மனம் நிறைந்தது.

அவள் இருமினாள். கரண்டியை வைத்துவிட்டு உதட்டைச் சொறிந்தாள். என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கேள்வி இருக்கவில்லை, அவளுக்கு ஏற்கெனவே விளங்கிவிட்டது. கழுத்தில் சிவப்புத் திட்டுகள் எழும்பத் தொடங்கின.

முதியோர் இல்லத்தில் நாள்தோறும் இன்சுலின் ஊசி போடுகிற கை இது. என் பிள்ளையின் தொடைக்கு முன்னால் அது என் சொல் கேட்கவில்லை. பேனையின் மூடியைக் கழற்ற முடியாமல் பல்லால் கடித்து இழுத்தேன். குத்தி, அழுத்தி, பிடித்துக்கொண்டேன். கத்தினேனா என்று தெரியாது. இவர் பழரசக் கோப்பைகளோடு ஓடி வந்தது தெரியும், அவை அவர் சட்டை முழுக்கக் கொட்டியதும் தெரியும். மகளின் மூச்சு விசிலடித்தது. அந்தச் சத்தம் நின்றுவிடக்கூடாது, அதுவாவது கேட்டுக்கொண்டே இருக்கவேண்டும் என்று கும்பிட்டேன்.

ஹோட்டலின் மருத்துவ அறையில் ஒக்சிசன் போட்டார்கள். தாதி ஆங்கிலத்தில்தான் கேள்வி கேட்டாள். இவருக்கு ஆங்கிலம் நன்றாக வரும். ஆனால் எதைக் கேட்டாலும், வயதைக் கேட்டாலும், நிறையைக் கேட்டாலும், அந்த ஒரே ஸ்பானிஷ் வசனத்தையே திரும்பத் திரும்பச் சொன்னார். என் மகளுக்குக் கச்சான் ஒவ்வாது. என் மகளுக்குக் கச்சான் ஒவ்வாது. தாதி கடைசியில் அவர் தோளில் கைவைத்து ஒரு கதிரையில் இருத்தினாள்.

அந்தக் குழம்புக்கு மோலே என்று பெயராம். மிளகாயையும் கச்சானையும் வறுத்து அரைத்துச் செய்வார்களாம். சட்டிக்கு முன்னால் ககாவாத்தே என்று பெரிதாக எழுதியும் வைத்திருந்தார்கள். இவர் பிறகு போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னார். கேட்டிருந்தால் சமையல்காரர் தடுத்திருப்பார்.

பின்னேரம் வீக்கம் வடிந்து, அவள் முகம் திரும்பவும் அவள் முகமாக வந்தது.

"ஏன் பிள்ளை கேக்கேல்லை?" என்றேன். ஏசுவதற்காகக் கேட்கவில்லை. உண்மையாகவே எனக்கு விளங்கவில்லை.

தொண்டை கரகரக்க, டேனிஷில் சொன்னாள். அது வீட்டுக் கறி மாதிரி மணத்ததாம். வீட்டுக் கறிக்குக் கேட்கத் தேவையில்லை என்று நான்தானே சொன்னேன் என்றாள்.

மிச்ச நாட்கள் அறைக்குள் பாணும் வாழைப்பழமுமாகக் கழிந்தன. கோல்டிங்குக்குத் திரும்பி வந்தபோது மழையும் குளிர்காற்றும் அப்படியே இருந்தன. எனக்கு அந்தக் குளிர்கூட இதமாகத்தான் இருந்தது. வந்த கையோடு கோழிக்கறி வைத்தேன். வழக்கமான தூள், வழக்கமான சட்டி. பயம் முடிந்துவிட்டது, இனி எங்கள் வீடு, எங்கள் சாப்பாடு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மகள் மேசைக்கு வந்து உட்கார்ந்தாள். பாஸ்டா கேட்கவில்லை. தட்டைப் பார்த்தாள், குழம்பின் நிறத்தைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து என் கண்ணைப் பார்த்து, கடைக்காரரிடமும் கோயில் அன்ரியிடமும் கேட்கிற அதே மரியாதையான டேனிஷில் கேட்டாள்.

"இதற்குள் நட்ஸ் இருக்கிறதா?"

இவர் கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் எழும்பிப் போய் அலுமாரியைத் திறந்து, காலங்காலமாக வாங்குகிற அந்தத் தூள் பைக்கற்றின் பின்பக்கத்தை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை வாசித்தேன். திரும்பி வந்து சொன்னேன்.

"இல்லையம்மா. நட்ஸ் இல்லை."

"நன்றி" என்றாள், வெளியாளுக்குச் சொல்வதுபோல. பிறகு சாப்பிடத் தொடங்கினாள். அவள் கேட்டது சரி, இனி எப்போதும் அப்படித்தான் கேட்கவேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கண் கலங்கிவிட்டது. என் சோறு ஆறும்வரை அவளுடைய உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.