வைஃபைக் குச்சியும் போஞ்சிப் பாத்தியும்

“நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. நீ கை வச்ச பிறகுதான் செத்துப்போச்சு.”

பழைய கம்ப்யூட்டரைத் தொடுகிற யாரும் இந்த வசனத்துக்குத் தப்பியதில்லை. நீங்களும் வாங்கிக் கட்டியிருப்பீர்கள். அந்த வியாழக்கிழமை காலையில் அதை எனக்குச் சொன்னவர் என் வீட்டுக்காரர். சொன்னதில் பாதி உண்மை என்பதால் எரிச்சல் இரட்டிப்பு.

அவர் தேயிலைத் தோட்டத்து ஆபீசில், எங்கள் பேச்சில் கந்தோரில், பெரிய கிளாக்கர். அங்கே கழித்துப்போட்ட கம்ப்யூட்டர் ஒன்று எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. மகன் கொழும்புக்கு வேலைக்குப் போனபோது அதை என் தலையில் கட்டிவிட்டுப் போனான். அன்றிலிருந்து தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பிள்ளைகளின் பரீட்சை முடிவு, விண்ணப்பம் எல்லாம் என் சாப்பாட்டு மேசையில்தான். நான் கேட்டு வாங்கிய உத்தியோகம் இல்லை. ராஜினாமாக் கடிதத்தை யாரிடம் கொடுப்பதென்றும் தெரியவில்லை.

இடி விழுந்த ஒரு மாலையில் அதன் இண்டர்நெட் கேபிள் செருகும் ஓட்டை செத்துப்போனது. அதற்குப் பிறகு, பின்பக்கம் செருகிய கட்டைவிரல் அளவு வைஃபைக் குச்சி ஒன்றுதான் இண்டர்நெட்டைக் கொண்டுவருகிறது. அந்தக் குச்சி யாரென்று கம்ப்யூட்டருக்கு அறிமுகம் செய்துவைக்கிற சின்ன மென்பொருளுக்குப் பெயர் டிரைவர். கதை அவ்வளவுதான். வில்லன் யார் என்பதில்தான் வீட்டில் கருத்து வேறுபாடு.

ஓகே கொடுத்தவர்

முதல்நாள், புதன்கிழமை, திரையில் ஒரு பெட்டி எழும்பி, டிரைவர் பழசாகிவிட்டது, புதுப்பிக்கட்டுமா என்று கேட்டிருக்கிறது. கந்தோரில் நீட்டின தாளிலெல்லாம் கையெழுத்துப் போட்டுப் பழகிய மனிதர், ஓகே கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு இண்டர்நெட் ஏற்றத்தில் மூச்சு வாங்கும் லொறி மாதிரி நின்று நின்று வந்தது.

நான் படித்த கான்வென்ட்டில் எதையும் கடைசி வரி வரை வாசித்த பிறகுதான் பேனாவைத் தொடலாம். “வாசிச்சுப் பார்த்தீங்களா?” என்று கேட்டேன்.

“இங்கிலீஷ்ல மரியாதையாக் கேட்டுச்சு. எப்படி வேணாம்னு சொல்றது?”

அரைகுறைச் சுத்தம் ஆகாது

எனக்கு அவசரம் இருந்தது. கீழ் லயத்து லெச்சுமி கொழுந்து எடுக்கிறவள். அவள் மகள் கவிதா நர்ஸ் வேலைக்கான தாதிப் பயிற்சிக்கு விண்ணப்பிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணியோடு முடிகிறது. இந்தத் தடவை விட்டால் வயது தாண்டிவிடும். போனில் நிரப்பினால் அந்த விண்ணப்பம் மூன்றாம் பக்கத்தோடு நின்றுவிடுகிறது.

ஆகவே வியாழன் விடிந்ததும் நானே இறங்கினேன். பழைய டிரைவருக்குத் திரும்பும் பொத்தான் சாம்பல் பூத்துக் கிடந்தது, அமுக்கினால் அசையவில்லை. சரி, புதியதைக் கழற்றிவிடலாம் என்று போனேன். அதோடு சேர்த்துக் கோப்புகளையும் அழிக்கவா என்று ஒரு சின்னக் கட்டம் கேட்டது. கூட்டுவதென்றால் மூலைவரை கூட்ட வேண்டும் என்று வளர்க்கப்பட்டவள் நான். சரி போட்டேன். கம்ப்யூட்டரை நிறுத்தி மறுபடி போட்டால், அந்தக் குச்சியை முன்னே பின்னே பார்த்ததே இல்லை என்கிறது.

புது டிரைவர் இண்டர்நெட்டில் இருக்கிறது. இண்டர்நெட்டுக்குப் போக டிரைவர் வேண்டும். போனை வயரில் கொழுவிப் பார்த்தேன். எங்கள் வீட்டு வயருக்குச் சார்ஜ் ஏற்ற மட்டுமே தெரியும். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கும் யாழ்ப்பாணத்து மாஸ்டருக்குப் போன் போட்டேன். பிழையான கணக்கைத் திருத்துகிற குரலில் கேட்டார்:

“அழிச்சது சரி அக்கா. அழிக்க முதல், பிறகு என்னத்தைப் போடப்போறன் எண்டு யோசிச்சனீங்களோ?”

கறுப்பு

வீட்டுக்காரர் சண்டையை நிறுத்திவிட்டு, கினிகத்தேனை டவுனில் நஸீர் நானாவின் கம்ப்யூட்டர் கடைக்கு பஸ் ஏறினார். குச்சியைக் கழற்றிக் கொண்டுபோய்க் காட்டி, அதற்குரிய டிரைவரை பென் டிரைவில் வாங்கிவரச் சொல்லியிருந்தேன். பென் போனது. கழற்றி வைத்த குச்சி டீவிக்கு மேலேயே இருந்தது. பின்னேரம் வந்த டிரைவர் வேறு ஏதோ குச்சிக்குரியது. எங்களுடையதை அதுவும் கண்டுகொள்ளவில்லை. கடையில் என்ன சொல்லிக் கேட்டீர்கள் என்று விசாரித்தேன். “கறுப்புக் குச்சி” என்றாராம். அதற்கு நஸீர் நானா:

“கிளாக்கர் ஐயா, கறுப்புல நம்ம கடையிலயே அஞ்சு சாதி இருக்கு. ஒங்க வீட்டுது கொஞ்சம் கறுப்பா, ரொம்பக் கறுப்பா?”

பாத்தியில் மின்னியது

கொழுந்து நிறுத்துக் கொடுத்த கையோடு லெச்சுமி மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். கவிதா இஸ்திரி போட்ட சட்டையில், கம்ப்யூட்டர் ஏதோ பெரிய அதிகாரி என்பதுபோல் நின்றாள். இன்றைக்கு ஆகாது, காலையில் வாங்க என்றேன். லெச்சுமி ஒரு வார்த்தை ஏசவில்லை. “அம்மா பார்த்துக்குவாங்க, வா” என்று மகளிடம் சொல்லிவிட்டு இறங்கினாள். ஏசியிருந்தால் இரவுச் சாப்பாடு இறங்கியிருக்கும்.

அன்றிரவு மழையில் பாதையில் மண் சரிந்து, வெள்ளிக்கிழமை பஸ் இல்லை. டவுனுக்குப் போகும் யோசனை அதோடு முடிந்தது. குசினி ஜன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன். வெயில் வந்தது. கீழே லெச்சுமியின் போஞ்சிப் பாத்தியில், பீன்ஸ் கொடிகளுக்கு நடுவில், ஏதோ பளிச் பளிச்சென்று மின்னியது.

குச்சி வாங்கியபோது அதோடு டிரைவர் சீடி ஒன்றும் வந்தது. போன வருஷம் போஞ்சித் தளிரைக் குருவி கொத்துகிறது என்று லெச்சுமி சொன்னாள். அலுமாரியைச் சுத்தம் செய்கிற வேகத்தில், கட்டித் தொங்கவிடச் சொல்லி எல்லாச் சீடிகளையும் அள்ளிக் கொடுத்தேன். மூலைவரை கூட்டுகிறவள் அல்லவா.

இறங்கிப் போனேன். ஆறு சீடி தொங்கின. ஒன்று எங்கள் கல்யாண வீடியோ. அது அங்கேயே இருக்கட்டும். கடைசிச் சின்னத் தட்டுதான் டிரைவர் சீடி, அதில் ‘தொலைக்காதே’ என்று என்னுடைய அழகான கையெழுத்து.

சட்டி கழுவும் சவர்க்காரம் போட்டுக் கழுவி, வீட்டுக்காரரின் பெனியனால் துடைத்தேன். இரண்டு தடவை துப்பிய கம்ப்யூட்டர் மூன்றாம் தடவை வாசித்தது. குச்சி நீலமாகக் கண் சிமிட்டியது. சொன்னபடி வந்திருந்த கவிதா ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி நிரப்பி அனுப்பினாள். பன்னிரண்டுக்கு இருபது நிமிஷம் இருக்கையில், விண்ணப்பம் கிடைத்தது என்று ஓர் இலக்கத்தோடு பதில் வந்தது. அவள் அந்த இலக்கத்தை மூன்று தடவை சத்தமாக வாசித்தாள். அன்று வேலைக்குப் போகாமல், உட்காரச் சொல்லியும் உட்காராமல், கதவோரம் நின்ற லெச்சுமி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நன்றி வரப்போகிறது என்று நானும் முகத்தைத் தயார்படுத்தினேன்.

“முடிஞ்சிருச்சாம்மா? அப்ப அந்தத் தட்டைத் தாங்க. காலையிலேருந்து குருவி எறங்கிருச்சு.”

கொடுத்துவிட்டேன். டிரைவர் மறுபடி செத்தால் போடுவதற்குப் பிரதி எடுக்கவில்லை என்பது அவள் படியிறங்கிய பிறகுதான் ஞாபகம் வந்தது. ஆக, எங்கள் தோட்டத்து இண்டர்நெட் இப்போது ஒரு சணல் கயிற்றில், போஞ்சிக்குக் காவலாக ஆடிக்கொண்டிருக்கிறது.

“லெச்சுமி, மழை வந்தா அதை மட்டும் கழட்டி உள்ள வையி, என்ன?” என்று வாசலில் நின்று கத்தினேன். கீழே அவள் கைதட்டிக் குருவி விரட்டுகிற சத்தம்தான் கேட்டது.